ஒன்றரை ஆண்டாகியும் ஆங்கிலம் வரவில்லை என்றால் எங்கே பார்க்க வேண்டும்?

கோத்தகிரி பக்கத்தில் ஊர் நூலகத்தில் வாரம் இரண்டு மாலை, ஒவ்வொரு மாலையும் ஒரு மணி நேரம் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது. மற்றவர்கள் ஓரளவு தேறிவிட்டார்கள். மூன்று பேர் மட்டும் வந்த நாளில் இருந்தபடியே இருக்கிறார்கள்: வீட்டின் ஒரு பகுதியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ஒரு பெண், வேன் ஓட்டுநர் ஒருவர், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண். இலக்கணத்தை மறுபடி முதலிலிருந்து நடத்தட்டுமா என்பது நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் உங்கள் மனம் கடைசி வரியில்தான் இருக்கிறது: இந்த வயதில் இவர்களுக்கு வராது என்றால் அதைச் சொல்லி அனுப்பிவிடுவதுதானே நேர்மை என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். அனுப்பிவிடாதீர்கள். இலக்கணத்தையும் முதலிலிருந்து தொடங்காதீர்கள். மூன்று பேரும் ஒரே இடத்தில் நிற்பதாக உங்களுக்குத் தோன்றுகிறது. நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் படித்தால், மூவரும் மூன்று வெவ்வேறு இடங்களில் நிற்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. யார் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

நான் ஆங்கிலம் கற்பிப்பதில் பயிற்சி பெற்று, குன்னூரிலும் ஊட்டியிலும் விடுதி ஊழியர்கள், ஓட்டுநர்கள், கடைக்காரர்கள் ஆகியோருக்குப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன். உங்கள் மாணவர்களை நான் பார்த்ததில்லை. அவர்களைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் உங்கள் கடிதத்திலிருந்து செய்யும் ஊகம். மொழி கற்பது பற்றிச் சொல்லும்போது எது உறுதிப்பட்டது, எதில் இன்னும் சண்டை ஓயவில்லை என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஏப்ரல், மே சீசனில் வேன் ஓட்டுநரும் வீடு வாடகைக்கு விடுபவரும் வகுப்புப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. பசுந்தேயிலை வரத்து கூடும் மாதங்களில் தொழிற்சாலையில் ஓவர்டைம். ஹெத்தையம்மன் திருவிழா நாட்களில் படுகர் ஊர்களில் யாரும் வகுப்புக்கு வரப்போவதில்லை, வரவும் வேண்டாம். மழையில் பஸ் நின்றுபோகும் நாட்கள் வேறு. இவற்றையெல்லாம் கழித்தால் இந்த ஒன்றரை ஆண்டில் ஒருவர் வகுப்பில் உட்கார்ந்த நேரம் நூறு, நூற்றிருபது மணியைத் தாண்டியிருக்காது. கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு ஒரு வழிகாட்டுக் கணக்கு வைத்திருக்கிறது. ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் இரண்டாவது படியான ஏ2-வை அடைய, அதாவது அன்றாடத் தேவைகளுக்கு எளிய வாக்கியங்களில் பேச, தொடக்கத்திலிருந்து 180 முதல் 200 மணி நேரம். அடுத்த படியான பி1-க்கு 350 முதல் 400. எதிர்த்திசையில் இருந்தும் பாருங்கள். அமெரிக்க அரசு தன் தூதரக அலுவலர்களுக்குத் தமிழ் கற்றுத்தர ஒதுக்கும் காலம் 44 வாரம், 1100 வகுப்பு மணி நேரம். அவர்களுக்கு அது முழுநேர வேலை, சம்பளத்தோடு. இரண்டு மொழிகளுக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவு. உங்கள் மாணவர்கள் வினைச்சொல் கடைசியில் வரும் மொழியிலிருந்து நடுவில் வரும் மொழிக்குப் போகிறார்கள்; வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும் மொழியிலிருந்து அதே வேலையைச் செய்யும் சொல் முன்னால் நிற்கும் மொழிக்குப் போகிறார்கள். எனவே உங்கள் மூவரும் பின்தங்கிவிட்டார்கள் என்பதைவிட, மற்றவர்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் போய்விட்டார்கள் என்பதே சரியாக இருக்கும். அந்த மற்றவர்களில் எத்தனை பேர் பள்ளி இறுதி வரை படித்தவர்கள், எத்தனை பேர் வீட்டில் ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றும் விசாரித்துப் பாருங்கள்.

வயதைப் பற்றி. பெரியவர்களால் கற்க முடியாது என்பது உறுதியாகத் தவறு. நெதர்லாந்தில் குடியேறி டச்சு கற்ற, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை ஆராய்ந்து 1978-இல் ஸ்னோ, ஹூஃப்நாகல்-ஹோலே என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், தொடக்க மாதங்களில் வளரிளம் பருவத்தினரும் பெரியவர்களும்தான் சிறு குழந்தைகளைவிட வேகமாகக் கற்றார்கள். குழந்தைகள் பின்னால்தான் எட்டிப்பிடித்தார்கள். தாய்மொழியாளரைப் போலவே உச்சரித்து, இலக்கணப் பிழை துளியும் இல்லாமல் பேசுவது பிற்காலத்தில் தொடங்குபவர்களுக்கு அரிது என்பதும் ஏறக்குறைய உறுதி. சண்டை எங்கே என்றால், அந்தத் திறன் எந்த வயதில் குறையத் தொடங்குகிறது, ஏன் குறைகிறது என்பதில். 2018-இல் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இணையம் வழியாக நடத்திய ஓர் ஆய்வு பதினேழு வயதையொட்டிச் சரிவு தொடங்குவதாகச் சொன்னது. அதன் கணக்கு முறையைப் பின்னால் வந்தவர்கள் கேள்விக்குட்படுத்தினார்கள். உங்கள் வகுப்புக்கு அந்தச் சண்டை தேவையே இல்லை. விருந்தினருக்கு வெந்நீர் எப்போது வரும் என்று சொல்லத் தாய்மொழியாளரின் இலக்கணம் வேண்டியதில்லை.

நீலகிரியில் இருந்துகொண்டு வயதைக் காரணம் காட்டுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. உங்கள் வகுப்பில் வீட்டில் படுகு பேசுபவர்கள் எத்தனை பேர்? வெளியே வந்தால் தமிழ், மைசூர் பக்கம் உறவு இருந்தால் கன்னடம். கூடலூர், பந்தலூர் பக்கம் போனால் மலையாளமும் சேர்ந்துகொள்ளும். இதில் பல மொழிகளை அவர்கள் வளர்ந்த பிறகு, வேலைக்குப் போன இடத்தில், புத்தகமே இல்லாமல் கற்றிருக்கிறார்கள். அந்த மூன்று பேரையும் தனித்தனியாக உட்காரவைத்து, உங்களுக்குத் தெரிந்த மொழிகள் எவை, ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று கேளுங்கள். இது உற்சாகமூட்டும் பேச்சு மட்டுமல்ல. ஒருவர் காதால் கற்றவரா, ஆள் துணையோடு கற்றவரா, எழுதிவைத்துக் கற்றவரா என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்து ஒரு சிறு சோதனை செய்யுங்கள். இதற்கு அரை மணி நேரம் போதும். அவரவர் வேலையிலிருந்து ஐந்து எளிய ஆங்கில வாக்கியங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்புக் குரலில் நிறுத்தி நிறுத்திச் சொல்லாமல் இயல்பான வேகத்தில் ஒருமுறை சொல்லி, என்ன புரிந்தது என்று தமிழில் கேளுங்கள். பிறகு அதே வாக்கியங்களை எழுதிக் காட்டி மறுபடி கேளுங்கள். பிறகு அதே பொருளை ஆங்கிலத்தில் அவரைச் சொல்லச் சொல்லுங்கள். எழுத்தில் புரிந்து காதில் புரியாதவருக்குச் சிக்கல் கேட்பதில். காதில் புரிந்து எழுத்தில் தடுமாறுபவருக்குச் சிக்கல் வாசிப்பதில். இரண்டிலும் புரிந்து வாய் திறக்காதவருக்குச் சிக்கல் பழக்கத்தில், அல்லது கூச்சத்தில். இரண்டிலுமே புரியாதவருக்குச் சொற்கள் போதவில்லை. இந்த நான்கில் ஒன்றுக்குக்கூட இலக்கணத்தை முதலிலிருந்து நடத்துவது மருந்தில்லை.

வீடு வாடகைக்கு விடும் பெண் வகுப்பில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார், வெளிநாட்டு விருந்தினர் பேசினால் மகளைக் கூப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் காதில்தான் தடை இருக்கிறது என்பது என் ஊகம். நீங்கள் அவருக்கு 'குட் ஐ ஹேவ் அனதர் பிளாங்கெட்' என்று ஐந்து தனித்தனிச் சொற்களாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். இரவு குளிரில் கதவைத் தட்டும் விருந்தினர் சொல்வது 'குடாயாவனதர் பிளாங்கிட்'. 'இஸ் தேர் எனி ஹாட் வாட்டர்' என்பது 'இஸ்தெரெனி ஹாட்வாடர்' என்று வந்து விழுகிறது. அவருக்குத் தெரிந்த சொற்கள்தான், ஆனால் எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று தெரியவில்லை. புத்தகத் தமிழ் மட்டும் படித்துவிட்டு வரும் வெளிநாட்டவர் கோத்தகிரி மார்க்கெட்டில் நின்று விழிப்பதைப் போன்றதுதான் இது. இதற்கு மருந்து, அப்படிச் சேர்ந்து வரும் வாக்கியங்களை அதே வேகத்தில் திரும்பத் திரும்பக் கேட்பது. பத்துப் பதினைந்து வாக்கியங்களை விருந்தினர் பேசும் விதத்திலேயே பதிவு செய்து அவருடைய போனில் போட்டுக்கொடுங்கள். சமைக்கும்போது கேட்கட்டும். ஒவ்வொன்றையும் கேட்டு, நிறுத்தி, கேட்டதைத் தமிழ் எழுத்திலாவது எழுதிவைத்து, பிறகு சரியான வாக்கியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். தமிழ் எழுத்தில் எழுதுவது தவறு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காதைப் பழக்கும் இடத்தில் அது ஊன்றுகோலாக உதவும். எழுத்துக்கூட்டலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கூடவே, புரியாதபோது சொல்ல மூன்று வாக்கியங்கள் மனப்பாடமாக வேண்டும்: மெதுவாகச் சொல்லுங்கள், மறுபடி சொல்லுங்கள், காட்டுங்கள். மகளைக் கூப்பிடுவதற்கு முன் இந்த மூன்றையும் ஒருமுறை பயன்படுத்த வேண்டும் என்று அவரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்.

ஓட்டுநர் வேறு வகை. 'எஸ்டர்டே ஐ கோ தொட்டபெட்டா', 'ஐ டிட் நாட் வென்ட்' என்று தயங்காமல் பேசுகிறார், எத்தனை முறை திருத்தினாலும் அதே பிழை வருகிறது என்கிறீர்கள். இது புதிதல்ல. லாரி செலிங்கர் 1972-இலேயே இந்த நிலைக்குப் பெயர் வைத்து எழுதிவிட்டார்: கற்பவரின் மொழி ஓரிடத்தில் இறுகிவிடுகிறது. ரிச்சர்ட் ஷ்மிட் என்பவர் ஹவாயில் குடியேறிய ஒரு ஜப்பானிய ஓவியரைச் சில ஆண்டுகள் கவனித்து 1983-இல் எழுதினார். அந்த ஓவியர் ஆங்கிலத்தில் நண்பர்களைச் சம்பாதித்தார், வியாபாரம் பேசினார், கதை சொன்னார். இலக்கணம் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. இறுகியது இளகுமா என்பதில் ஒத்த கருத்து கிடையாது. என் அனுபவத்தில் சிலருக்கு இளகியிருக்கிறது, அதுவும் ஒன்றிரண்டு பிழைகளை மட்டும் குறிவைத்தபோது. முதலில் ஓட்டுநரையே கேளுங்கள், பிழை அவருக்கு வருமானத்தைக் கெடுக்கிறதா என்று. அவர் பேச்சு பயணிகளுக்குப் புரிகிறது என்றால் அவரை முன்னேறாதவர் பட்டியலில் வைத்திருப்பது உங்கள் அளவுகோலின் குறை.

அவரும் திருத்திக்கொள்ள விரும்பினால், நீங்கள் திருத்தும் முறையை மாற்றுங்கள். அவர் 'ஐ கோ' என்றதும் நீங்கள் 'ஓ, யூ வென்ட்' என்று மென்மையாகச் சரிசெய்து சொல்கிறீர்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் அப்படித்தான் செய்கிறோம். லிஸ்டர், ராண்டா என்ற இருவர் கனடாவில் பிரெஞ்சு வகுப்புகளைக் கவனித்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் அதிகம் பயன்படுத்திய முறை இதுதான், மாணவர்கள் எடுத்துக்கொண்டு திருத்திச் சொன்னது மிகக் குறைவாக இருந்ததும் இதில்தான். மாணவரின் காதுக்கு அது திருத்தமாகவே படுவதில்லை. ஆசிரியர் தலையாட்டி ஒப்புக்கொண்டதாகத்தான் கேட்கிறது. நிறுத்தி, 'எஸ்டர்டே?' என்று மட்டும் கேட்டுவிட்டு அவரே சரிசெய்யும் வரை காத்திருங்கள். ஒரு மாதத்துக்கு இறந்தகால வினை ஒன்றை மட்டும் பிடியுங்கள். மற்ற பிழைகளைக் கண்டும் காணாமல் விடுங்கள். குறிப்பாக, 'ஹி கோ' என்று அவர் சொல்வதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். படர்க்கை ஒருமைக்கு வினையில் சேரும் 'ஸ்' எல்லா மொழிக்காரர்களுக்கும் மிகத் தாமதமாகவே வருகிறது என்பது 1970-களிலிருந்து திரும்பத் திரும்ப உறுதியான செய்தி.

அவருக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன், நான் மிகவும் நம்பும் பயிற்சி. நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் பரப்பிய நான்கு-மூன்று-இரண்டு என்ற முறை. கோடநாடு காட்சிமுனைக்குப் போகும் பயணத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம் சொல்ல வேண்டும்: எங்கே புறப்படுவோம், வழியில் எந்த எஸ்டேட், மேலே நின்றால் கீழே தெங்குமரஹாடாவும் மாயாறும் எப்படித் தெரியும், எதிரே ரங்கசாமி மலை எது. பிறகு இன்னொருவரிடம் அதே செய்தியை மூன்று நிமிடத்தில். பிறகு மூன்றாமவரிடம் இரண்டு நிமிடத்தில். முதல் முறை 'ரிவர்... டௌன்... ஸ்மால் வில்லேஜ்' என்று சொல் சொல்லாகத் துழாவுவார். மூன்றாம் முறை அதே ஆள் 'யூ கேன் சீ தி ரிவர் டௌன் தேர்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். கேட்பவர் மாறுவதால் சலிப்பு இல்லை, நேரம் குறைவதால் தேடிக்கொண்டிருக்க இடமில்லை. வேகம் கூடுகிறது, தயக்கம் குறைகிறது என்பது ஆய்வில் தெரிந்தது. இலக்கணம் எவ்வளவு மேம்படும் என்பதில் முடிவுகள் கலவையானவை. அடுத்த வாரம் இ-பாஸ் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வரும் வெளியூர்க்காரர்கள் அதை எடுக்க வேண்டியிருக்கிறது. எப்படி எடுப்பது, எங்கே காட்டுவது என்று விளக்கிச் சொல்வது அவருக்கு நாளைக்கே தேவைப்படும்.

தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்ணைப் பற்றித்தான் எனக்கு அதிக அக்கறை. நோட்டில் எழுதுகிறார், அடுத்த வகுப்பில் அதையே படிக்கத் தெரியவில்லை என்கிறீர்கள். வேறு எதையும் செய்வதற்கு முன் இரண்டு காரியம். முதலாவது, அவருக்குப் படிக்கும் கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள். நாற்பது வயதைத் தாண்டினால் கிட்டப் பார்வை மங்குவது எல்லோருக்கும் வருவது. நூலகத்தின் மங்கலான மாலை விளக்கில் சிறிய எழுத்து அவருக்கு வெறும் கோடாகத் தெரியலாம். மறதி என்று ஆசிரியர்கள் நினைத்தது கண்ணாடி போட்டதும் பாதி தீர்ந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, ஒரு தமிழ் நாளிதழைக் கொடுத்து யாரும் இல்லாத நேரத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். தமிழையே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார் என்றால், ஆங்கிலத்தை நோட்டில் எழுதவைத்ததில் அவருக்கு எதுவும் ஒட்டியிருக்காது. அவருக்குப் பேச்சு ஒரு பக்கம் தனியாக நடக்கட்டும், வாசிப்பு மெதுவாக வேறு பக்கம் நடக்கட்டும்.

அந்த வாசிப்பை ஏ, பி, சி என்று தொடங்க வேண்டாம். தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்று. ஆங்கிலத்தில் 'எய்ச்' (நாம் 'ஹெச்' என்பது) என்ற பெயரிலோ 'டபிள்யூ' என்ற பெயரிலோ அந்த எழுத்தின் ஒலி இல்லவே இல்லை. ஒரே 'ஏ' கேட் (பூனை), கேக், கார், கால் (கூப்பிடு) என்று நான்கு விதமாக ஒலிக்கிறது. அறிந்த சொல்லிலிருந்து எழுத்துக்குப் போங்கள். தொழிற்சாலையில் அவர் நாள் முழுவதும் ஆங்கிலம்தான் பேசுகிறார்: விதரிங், ரோலிங், டிரையர், கிரேடு, டஸ்ட், லோடு. மூட்டையில் அச்சிட்டிருப்பது அவர் கண் முன்னால் நாள்தோறும் கிடக்கிறது. அந்த மூட்டையைப் போனில் படம் பிடித்து வரச் சொல்லுங்கள். 'டஸ்ட்' என்ற சொல்லைப் படத்தில் விரலால் காட்டி, முதல் எழுத்து எது, கடைசி ஒலி எது என்று கேளுங்கள். அதே தொடக்க எழுத்து 'டிரையர்' என்பதிலும் வருகிறது என்று அவரே கண்டுபிடிக்கும்போது, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு அவருக்குச் சொந்தமாகிவிடும். வகுப்புக்கு மூன்று சொல் போதும். அடுத்த வகுப்பில் அந்த மூன்றையும், ஒரு வாரம் கழித்து மறுபடியும், ஒரு மாதம் கழித்து மறுபடியும் கேளுங்கள். இடைவெளி விட்டு நினைவிலிருந்து எடுக்கவைப்பது ஒரே நாளில் இருபது முறை எழுதவைப்பதைவிட நிலைக்கும் என்பது மனத்தில் பதிவது பற்றிய ஆய்வுகளில் மிகவும் உறுதியான முடிவு.

சொற்கள் எத்தனை வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். முன்பு டாக்காவில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மைக்கேல் வெஸ்ட் 1953-இல் சுமார் 2000 அடிப்படைச் சொற்களின் பட்டியலை வெளியிட்டார். இன்றைய கணக்கிலும், மிக அதிகம் வழங்கும் இரண்டாயிரம் சொற்கள் அன்றாடப் பேச்சில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை அடைத்துவிடுகின்றன. எனவே பாடநூலின் அரிய சொற்களை ஒதுக்கிவைத்துவிட்டு, இந்த அடிப்படையும் அவரவர் தொழிற்சொற்களும் போதும் என்று இருங்கள்.

பயிற்சிக்குப் பொருள் தேடி நீங்கள் அலைய வேண்டாம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் பஸ் நேரப் பட்டியலை நடுவில் வைத்து, பதினொரு மணி ரயிலைப் பிடிக்க எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று ஆங்கிலத்தில் விவாதிக்கச் சொல்லுங்கள். என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூர் திட்டம் இப்படித்தான் நடந்தது: இலக்கணப் பாடம் இல்லாமல், நேர அட்டவணை, வரைபடம் போன்ற புதிர்களை ஆங்கிலத்தில் தீர்க்கவைத்தார். உலகமெங்கும் ஆசிரியர்கள் பேசிய முயற்சி அது. ஆனால் அது பள்ளிப் பிள்ளைகளிடம் செய்தது. பெரியவர்களுக்கு அதை மட்டுமே வைத்து ஓட்ட முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு இடையிடையே விதியும் விளக்கமும் வேண்டியிருக்கிறது, அதைத் தமிழில் சொல்வதில் தவறில்லை.

கூச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஜான் சலிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கம் வந்ததிலிருந்து இந்த மலையில் ஆங்கிலம் ஆள்பவரின் பேச்சாகவே இருந்திருக்கிறது. எஸ்டேட்டில் மேலாளரை இன்றும் துரை என்கிறார்கள். துரை முன்னால் வாய் திறக்கக் கூடாது என்று வளர்ந்த ஒரு பெண், இருபது வயதுப் பையன்கள் இருக்கும் வகுப்பில் பிழையோடு பேசிக் காட்டுவார் என்று எதிர்பார்ப்பது கொடுமை. அவரை எழுப்பிக் கேள்வி கேட்காதீர்கள். இருவர் இருவராகப் பேசவிட்டு, அவர் அருகில் போய் உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொன்னதை எல்லோர் முன்னாலும் பாராட்டுவதும் சிலருக்குக் கூச்சம்தான், அதையும் விட்டுவிடுங்கள்.

கண்ணாடியும் போட்டு, தமிழும் சரளமாக வாசித்து, இப்படி ஆறு மாதம் நடத்திய பிறகும் எழுத்து மட்டும் பிடிபடவில்லை என்றால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதைக் கண்டறியும் தகுதி எனக்கோ உங்களுக்கோ கிடையாது; கோயம்புத்தூரில் அதற்கான உளவியலாளரிடம் காட்டச் சொல்வதே சரி. அதற்கு முன் அந்தச் சொல்லை வகுப்பில் உச்சரிக்கவே வேண்டாம்.

சீசன் நெருங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களில் வகுப்பை வலிந்து நடத்தாதீர்கள். வாரம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவரும் ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்பட்டும்: அன்று வந்த விருந்தினர், பயணி, அல்லது தொழிற்சாலையில் நடந்தது எதுவானாலும். நீங்கள் எதையும் திருத்தாமல், கேட்டதற்கு அடையாளமாக அதைப் பற்றி ஒரு கேள்வியை மட்டும் குரலிலேயே திருப்பி அனுப்புங்கள். எல்லாப் பதிவுகளையும் தேதியோடு சேமித்து வையுங்கள். ஜூனில் மழை பிடித்து வகுப்பு மறுபடி கூடும்போது, ஏப்ரல் முதல் வாரப் பதிவையும் மே கடைசி வாரப் பதிவையும் அவரவருக்குத் தனியாகப் போட்டுக் காட்டுங்கள். வராது என்று சொல்லி அனுப்பிவிடலாமா என்ற உங்கள் கேள்வியை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.